பிரிண்ட் இருட்டாக வருவது பிரிண்டரின் குற்றமா?

பன்னிரண்டு ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் வாசகர் ஒருவரின் கடிதம் இது. மூன்று மாதத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. 20 படங்கள், எல்லாமே 24-க்கு 36 அங்குலம், காட்டன் மேட் தாளில், அதாவது பளபளப்பில்லாத பருத்தித் தாளில். லேபில் எடுத்துப் பார்த்த ஐந்து மாதிரிகளும் திரையில் கண்டதைவிட இருட்டாக வந்திருக்கின்றன. "கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது" என்கிறார். லேப்காரர்கள் "உங்க மானிட்டர்தான் சரியில்லை" என்று முடித்துக்கொண்டார்கள். நண்பரின் 17 அங்குலப் பிரிண்டரில் எடுத்துப் பார்த்தால் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) ஏறியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வானத்தில் வெள்ளைப் புள்ளிகள் வேறு. கடன் வாங்கியாவது அதே 17 அங்குலப் பிரிண்டரை வாங்கிவிடலாமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, ஒரு படத்தைப் "பத்துப் பிரதிகளில் ஒன்று" என்று சொல்லி ஏற்கனவே விற்றுவிட்டார். அதையே சிறிய அளவிலும் விற்கலாமா? அந்தப் பிரிண்டை வாங்கியவர் இப்போது கண்ணாடிக்கு உள்பக்கம் மூட்டம் படிந்திருப்பதாகச் சொல்கிறாராம்.

உங்கள் கடிதத்தில் "பிரிண்டர் என் கையில் இருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது" என்று ஒரு வரி இருக்கிறது. நடந்திருக்கும். மையையும் தாளையும் உங்கள் செலவில் வீணாக்கியிருப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் சொல்லும் கோளாறுகளில் பெரும்பாலானவை பிரிண்டருக்குப் போகும் முன்பே தொடங்கிவிட்டவை. அதோடு, 17 அங்குலப் பிரிண்டரில் 24 அங்குல அகலப் படம் எடுக்கவே முடியாது. அந்த எண் அதில் போகக்கூடிய தாளின் அதிகபட்ச அகலம். ஆகவே கடன் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இருட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

இருட்டு எங்கிருந்து வருகிறது

லேப்காரர்கள் பேசிய விதம் சரியில்லை. ஆனால் சொன்னதில் பாதி உண்மை. உங்கள் மானிட்டர் பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதன் பிரைட்னஸ் மிக அதிகமாக இருக்கிறது, அதுதான் விஷயம்.

கணக்கு எளியது. லக்ஸ் என்பது ஒரு பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு, கேண்டெலா என்பது அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவு. 500 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்த வெள்ளைத் தாள், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கேண்டெலா ஒளியைத் திருப்பித் தருகிறது. வீட்டில் மாலை நேரத்து 150 லக்ஸில் அது 45-க்கும் கீழே போய்விடும். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டரோ பெரும்பாலும் 250, 300 கேண்டெலாவில் எரியும். அந்த அளவுக்கு ஒரு தாள் பளிச்சிட வேண்டுமானால் அதன் மேல் 1000 லக்ஸ் விழ வேண்டும். 300 கேண்டெலாத் திரையில் "சரியாக இருக்கிறது" என்று நீங்கள் முடிவு செய்த படம், ஃபைலிலேயே இருட்டான படம். திரை அதை மறைத்துக் காட்டியது, தாள் உள்ளபடி காட்டிவிட்டது.

எனவே முதல் செலவு பிரிண்டர் அல்ல, ஒரு காலிபிரேஷன் கருவி. திரையின் மேல் தொங்கவிட்டு அளக்கும் சிறிய சாதனம். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, பிரைட்னஸ் 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடிட் செய்யும் அறை மங்கலாகவும் வெளிச்சம் மாறாமலும் இருக்கட்டும். திரைக்கு எதிரே வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தால் சட்டையின் பிரதிபலிப்பே கறுப்பைக் கெடுக்கும். சிரிக்காதீர்கள், இது உண்மை.

காலிபிரேட் செய்த திரையில் உங்கள் ஐந்து படங்களையும் மறுபடி திறந்தால், லேப் தந்த பிரிண்டைப் போலவே அவை இருட்டாகத் தெரியும். பலர் இந்த இடத்தில் எக்ஸ்போஷரை மொத்தமாக ஒரு ஸ்டாப் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மேகத்தின் வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகும். போட்டோஷாப்பில் கர்வ்ஸ் என்ற தொனி வளைகோட்டை எடுத்து, வெள்ளை முனையை அசைக்காமல் நிழலையும் நடுத்தொனியையும் மட்டும் தூக்குங்கள்.

சாம்பல் பூத்த கறுப்பு

இதன் காரணம் வேறு. மேட் தாளின் கறுப்பு இயல்பிலேயே அவ்வளவுதான். நல்ல காட்டன் மேட் தாளில் மிக அடர்ந்த கறுப்பின் அடர்த்தி 1.6, 1.7 அளவில் நிற்கும். அதாவது மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். பளபளப்புச் சாயல் கொண்ட பரைட்டா தாளில் இந்த அடர்த்தி 2.3-ஐத் தாண்டும், திரும்புவது இருநூறில் ஒரு பங்குதான். திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். மேட் தாளில் அது ஏறத்தாழ நாற்பது மடங்கில் அடங்கிவிடுகிறது. ஆழ்கிணறு போன்ற கறுப்பை நம்பி நிற்கும் இரவுக் காட்சியை அதில் எடுத்தால் சாம்பல் பூக்காமல் என்ன செய்யும்?

"ஃபைன் ஆர்ட் என்றால் மேட் தாள்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மேட், பரைட்டா இரண்டும் ஃபைன் ஆர்ட் தாள்களே. ஹானமூலே போட்டோ ராக் மேட். அதே நிறுவனத்தின் போட்டோ ராக் பரைட்டாவும், கேன்சனின் பிளாட்டின் ஃபைபர் ராகும் பளபளப்புச் சாயல் உள்ளவை. மூன்றும் முழுப் பருத்தித் தாள்கள். மூடுபனி, சுவர், தோல், துணி, மென்மையான வெளிச்சம் என்று மெல்லிய தொனிகளை நம்பும் படங்களுக்கு மேட் பொருந்தும். ஆழமான நிழலும் அடர்ந்த வண்ணமும் வேண்டும் படங்களுக்குப் பரைட்டா. 20 படங்களையும் ஒரே தாளில் எடுத்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் தாள் மாறினால் கண்ணை உறுத்தும். சுவர்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் லேபில் கேட்டுப் பாருங்கள். இந்த வகைப் பிரிண்டர்களில் கறுப்பு மை இரண்டு வகை: மேட் பிளாக், போட்டோ பிளாக். மேட் தாளுக்கு மேட் பிளாக் போக வேண்டும். எந்த மை போகும் என்பதை டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் கணினி மென்பொருளில்) தேர்வு செய்யும் மீடியா டைப், அதாவது தாள் வகைதான் தீர்மானிக்கிறது. அங்கே தவறுதலாக லஸ்டர் (பளபளப்புத் தாள் வகை) என்று இருந்தால் மேட் தாளில் போட்டோ பிளாக் விழும். நீங்கள் எழுதியது போலவே கறுப்பு வெளிறிப் போகும். தாளைப் பின்பக்கமாகப் போட்டாலும் இதே கதி, ஏனென்றால் பூச்சு இல்லாத பக்கத்தில் மை உள்ளே இறங்கிவிடும். சந்தேகம் வந்தால் ஈர விரலால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். லேசாக ஒட்டும் பக்கமே பூச்சுள்ள பக்கம்.

தாளின் எல்லையை முன்கூட்டியே திரையில் பார்த்துவிடுவதற்குத்தான் சாஃப்ட் புரூஃப் இருக்கிறது. லேபில் "இந்தப் பிரிண்டர், இந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைல் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்தப் பிரிண்டரும் தாளும் வண்ணங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல் அது. கொடுக்கத் தயங்கும் லேபை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுப்பேன். போட்டோஷாப்பின் புரூஃப் செட்டப்பில் அந்தப் புரொஃபைலைத் தேர்ந்து, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் வைத்து, பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனை இயக்குங்கள். பிறகு தாளின் நிறத்தைக் காட்டும் சிமுலேட் பேப்பர் கலர் பெட்டியை டிக் செய்யுங்கள். செய்யும் அந்த நொடியில் திரையைப் பார்க்க வேண்டாம். நேருக்கு நேர் பார்த்தால் படத்தின் மேல் பனி இறங்கியது போல மனம் துவண்டுவிடும். திரையில் வேறு வெள்ளைப் பட்டைகள் எதுவும் இல்லாமல் மறைத்துவிட்டு, ஓரிரு நிமிடம் கழித்துப் பாருங்கள். கண் பழகியதும் தாளில் வரப்போவது ஏறக்குறைய தெரிந்துவிடும். மூலப்படத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தாளுக்கென்று தனியாக ஒரு கர்வ் போடுங்கள். வேறு தாளுக்கு வேறு கர்வ்.

கூடவே ஒரு சின்ன வேலை. போட்டோஷாப்பின் அளவுகோலில் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை) 0, 5, 10, 15 என்று 40 வரை ஒன்பது கட்டங்களை வரிசையாக வைத்து ஒரு பட்டை செய்து, மாதிரிப் பிரிண்டின் ஓரத்தில் சேர்த்துவிடுங்கள். தாளில் எந்தக் கட்டம் வரை ஒரே கறுப்பாகத் தெரிகிறது என்று பாருங்கள். 15-உம் 0-உம் பிரியவில்லை என்றால், அந்தத் தாளில் 15-க்குக் கீழே நீங்கள் வைத்த எந்த விவரமும் பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாது. எருமையின் முதுகு மயிர் தெரிய வேண்டுமானால் அதை 20-க்கு மேலே தூக்கி வையுங்கள்.

மெஜந்தாவும் வெள்ளைப் புள்ளிகளும்

முதலில் வெற்றுத் தாளில் நாசில் செக் (மைத் துளைகளைச் சோதிக்கும் கோட்டுப் பிரிண்ட்) எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிறத்தின் துளைகள் அடைத்திருந்தாலும் சாயல் மாறும். கோடுகள் எல்லாம் முழுதாக இருந்தால், நண்பரின் பிரிண்டரில் வண்ணத் திருத்தம் இரண்டு முறை நடந்திருக்கிறது என்பதே என் ஊகம். போட்டோஷாப் ஐசிசி புரொஃபைலைக் கொண்டு ஒரு முறை மாற்றி அனுப்பியதை, டிரைவர் தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றிவிடுகிறது. பிரிண்ட் மெஜந்தா பக்கம் சாய்வது இந்தத் தவறின் பழைய அடையாளம். போட்டோஷாப்பில் வண்ணத்தை அதுவே கையாளும்படி வைத்து, டிரைவரில் கலர் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிடுங்கள். கையாள்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளிகள் பருத்தித் தாளோடு கூடப் பிறந்தவை. தாள் வெட்டும்போது உதிரும் நார்த்துகள் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் மை விழும். பிறகு துகள் உதிர்ந்தால் அடியில் மை படாத வெள்ளை தெரியும். அதனால்தான் பிரிண்ட் எடுத்த அன்று காணாத புள்ளி இரண்டாம் நாள் வந்தது. ஒவ்வொரு தாளையும் போடும் முன் மென்மையான அகலத் தூரிகையால் ஒரே திசையில் துடைத்து, தாளைச் சாய்த்துத் தட்டிவிடுங்கள். வந்துவிட்ட புள்ளிகளை மிக நுண்ணிய தூரிகையில் பிக்மென்ட் (நுண்துகள் நிறமி) மை தொட்டு நிரப்பலாம். நீல வானத்தில் இதற்குப் பொறுமை வேண்டும்.

24-க்கு 36 தேவையா

"ஃபைலை 72-லிருந்து 300 டிபிஐ-க்கு மாற்றிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிக்சல் எண்ணிக்கை மாறாமல், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அந்த எண்ணை மட்டும் மாற்றினால் எதுவும் நடக்காது. உங்கள் ஃபைல் 6000-க்கு 4000 பிக்சல். 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 167 பிக்சல், 30 அங்குலத்துக்கு 200. நல்ல பார்வையுள்ள கண், ஒரு மீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு 90 பிக்சலுக்கு மேல் பிரித்துப் பார்ப்பதில்லை. 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால்தான் 300-க்கு அருகே தேவைப்படும். ஆக 167 போதும், ஆனால் கண்காட்சிக்கு வரும் புகைப்படக்காரர்கள் மூக்கை ஒட்டிவைத்துத்தான் பார்ப்பார்கள்!

என் யோசனை 20-க்கு 30 அங்குலம். பிக்சலைவிட இதற்கு வேறு காரணம் இருக்கிறது. 24 அங்குல ரோலில் 24 அங்குலப் படத்தை எடுத்தால் வெள்ளை ஓரம் எதுவும் மிஞ்சாது. கையெழுத்துப் போடவோ, மவுண்ட் போர்டுக்கு (ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வரும் அட்டைக்கு) அடியில் பிடிப்பு வைக்கவோ இடமில்லை. ஓரம் வேண்டுமென்றால் 44 அங்குலப் பிரிண்டர் தேவை. 20-க்கு 30 என்றால் நாலு பக்கமும் இரண்டு அங்குல ஓரத்தோடு 24-க்கு 34-இல் கச்சிதமாக முடிகிறது. இந்த வசதி உள்ள லேப்களும் அதிகம். அளவை மாற்றிய பிறகுதான் ஷார்ப்பனிங் செய்யுங்கள். மேட் தாளில் மை கொஞ்சம் பரவும். ஆகவே திரையில் சற்று மிகையாகத் தெரியும் அளவு அதற்குச் சரியாக இருக்கும்.

வாங்கலாமா, லேபிலேயே எடுக்கலாமா

இந்தக் கண்காட்சிக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். பிக்மென்ட் பிரிண்டர் சும்மா கிடந்தால் துளை அடைக்கும். வாரத்துக்கு ஒரு வண்ணப் பிரிண்டாவது எடுக்க வேண்டும். அடைத்தால் ஹெட் கிளீனிங். ஒவ்வொரு கிளீனிங்கும் விலையுள்ள மையைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பும்; தொட்டி நிறைந்தால் அதையும் மாற்ற வேண்டும். முதல் தடவை மை ஏற்றும்போது கணிசமான பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. வறண்டால் துளை அடைப்பும், கூடினால் தாள் சுருளலும் வரும். ஆண்டு முழுக்க வாரம் தவறாமல் எடுப்பவருக்குச் சொந்தப் பிரிண்டர் மிக நல்ல ஆசான். மூன்று மாதத்தில் 20 படம் முடித்துவிட்டு அடுத்த ஆண்டு வரை தொடப்போவதில்லை என்றால் அது தலைவலி.

லேபில் எடுக்கும்போது முழுப் படத்தைச் சிறிதாக்கி மாதிரி கேட்காதீர்கள். சிறிய பிரிண்டில் நிழல் விவரமும் ஷார்ப்பனிங்கும் தெரியாது. இறுதி அளவிலேயே, மிகக் கடினமான பகுதியை எட்டு அங்குலப் பட்டையாக வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். நான்கு படங்களின் பட்டைகளை ஒரே தாளில் அடுக்கிவிடலாம். அதைக் கண்காட்சிக் கூடத்துக்கே எடுத்துப்போய் அங்குள்ள விளக்கின் கீழ் பாருங்கள். குறிப்பாகக் கறுப்பு வெள்ளைப் படங்களை. வண்ண மைகளைக் கலந்து உண்டாக்கிய சாம்பல், பகல் வெளிச்சத்தில் நடுநிலையாகவும் சில எல்இடி விளக்குகளில் பச்சையாகவும் தெரியக்கூடும். பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் மைகளையே பயன்படுத்தும் பிளாக் அண்ட் ஒயிட் முறை பிரிண்டரில் இருக்கிறதா என்று கேட்டு, அதில் எடுக்கச் சொல்லுங்கள்.

லேபின் பில்லில் "ஜிக்லே" என்று போட்டிருப்பதைத் தரச் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒரு பெயர் மட்டுமே. 1991-இல் நாஷ் எடிஷன்ஸில் வேலை பார்த்த ஜாக் டுகான், ஐரிஸ் இங்க்ஜெட் பிரிண்ட்களுக்கு வைத்த பெயர். அந்தக் காலத்து ஐரிஸ் மைகள் சீக்கிரமே மங்கக்கூடியவை என்பது இதில் ஒரு வேடிக்கை. பெயருக்குப் பதிலாக மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மை பிக்மென்ட்டா டையா (கரையும் சாயமா), தாளின் பெயர் என்ன, அதில் ஆப்டிகல் பிரைட்னர் இருக்கிறதா.

பிரைட்னர் என்பது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக வெளியிட்டுத் தாளை வெள்ளைவெளேரென்று காட்டும் ரசாயனம். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் போனதும் அந்த வெண்மை குறைந்துவிடும். ஆண்டுகள் போகப்போக ரசாயனமும் செயலிழந்து, தாள் தன் அசல் மஞ்சள் சாயலுக்குத் திரும்பும். "அதிக வெள்ளையே நல்ல தாள்" என்பதை விட்டுவிடுங்கள். "100 ஆண்டு மங்காது" என்று சொல்லப்படும் எண்ணும் அப்படித்தான். பிரிண்ட்களின் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் போன்றோர் தரும் கணக்கு, ஒரு குறிப்பிட்ட மையும் தாளும் கண்ணாடியும் சேர்ந்து, நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் என்ற அடிப்படையில் போட்டது. வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. மையை மாற்றினாலும் செல்லாது.

பத்துப் பிரதியும் மூட்டமும்

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சட்டப்படி விடை, நீங்கள் இருக்கும் இடத்தையும் வாங்கியவரிடம் எழுதிக் கொடுத்ததையும் பொறுத்தது. தொகை பெரிது என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். புகைப்பட உலகில் இது புதிய சர்ச்சை அல்ல. அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன், முன்பு டை டிரான்ஸ்ஃபர் என்ற பழைய சாய அச்சு முறையில் குறைந்த எண்ணிக்கையில் விற்ற சில படங்களை மிகப் பெரிய பிக்மென்ட் பிரிண்ட்களாக எடுக்க, அவை 2012-இல் ஏலத்துக்கு வந்தன. பழைய பிரிண்ட்களை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013-இல் நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. புதியது வேறு அளவு, வேறு முறை, அதனால் அது வேறு பதிப்பு என்ற வாதம் அங்கே நின்றது. அது அந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். மேலும் நீங்கள் மாற்றப்போவது அளவை மட்டும்தான், முறை அதேதான்.

"பத்துப் பிரதிகளில் ஒன்று" என்று அளவு குறிப்பிடாமல் சொல்லியிருந்தால், கேட்டவர் மொத்தமே பத்து என்றுதான் புரிந்துகொண்டிருப்பார். அந்த ஒரு படத்துக்கு மட்டும், சிறிய அளவில் விற்பதையும் அந்தப் பத்துக்குள் எண்ணிவிடுங்கள். மற்ற 19 படங்களுக்கு விற்பனை தொடங்கும் முன்பே அளவு வாரியாக எண்ணிக்கை, ஆர்ட்டிஸ்ட் புரூஃப் (எண்ணிக்கைக்கு வெளியே கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி) எத்தனை, தாள், மை, ஆண்டு எல்லாவற்றையும் எழுதி வைத்து, சான்றிதழிலும் போடுங்கள். எல்லாவற்றையும் இப்போதே அச்சிட வேண்டியதில்லை. திருப்தியாக வந்த முதல் பிரிண்டை விற்காமல் மூலமாதிரியாக வைத்துக்கொண்டு, ஃபைல், புரொஃபைல், டிரைவர் அமைப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஐந்தாவது பிரதியை இரண்டு ஆண்டு கழித்து எடுக்கும்போது தாளின் பேட்ச் மாறியிருக்கலாம். ஒப்பிட அந்த மாதிரி வேண்டும்.

கண்ணாடியில் படிந்த மூட்டம், பிரிண்ட் காயும் முன்பே ஃபிரேம் போட்டதால் வந்தது. மையில் உள்ள கிளைக்கால் போன்ற மெதுவாக ஆவியாகும் பொருட்கள் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் படிகின்றன. படம் கெடவில்லை. ஃபிரேமைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, பிரிண்டின் மேல் மை உறிஞ்சும் சாதாரண வெள்ளைத் தாளை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். இடையில் ஒரு முறை தாளை மாற்றுங்கள். திரும்பப் போடும்போது அமிலமற்ற மவுண்ட் போர்டு வைத்து, பிரிண்ட் கண்ணாடியைத் தொடாமல் பாருங்கள். இதை வாங்கியவர் தலையில் கட்டாமல் நீங்களே எடுத்துவந்து செய்துகொடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது, அந்தப் பத்து என்ற எண் எல்லா அளவுகளையும் சேர்த்துத்தான் என்று எழுதிய சான்றிதழையும் அவர் கையில் கொடுத்துவிடலாம்.